‘தி கிரியேட்டர்’: இயந்திரங்களின் பெயரில் நடக்கும் ஒரு பழைய போர்

கேள்வி இதுதான்: 2023-ல் வந்த ‘தி கிரியேட்டர்’ படத்தில் ஏஐ நல்ல பக்கமாகவும் மனிதர்கள் கொடூரமானவர்களாகவும் காட்டப்படுகிறார்கள். இது ஏஐ-க்கு வக்காலத்து வாங்கும் படமா? அதில் வருவது போல மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நிஜமாகவே போர் மூளுமா?

படத்தின் முடிவு வரை பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

வக்காலத்து வாங்கும் படம் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் சொல்லப்போனால், ஏஐ என்றால் என்ன என்பதில் இந்தப் படத்துக்குப் பெரிய அக்கறையே இல்லை. இது ஒரு போர்ப் படம். குண்டு போடுகிறவன் பக்கம் நிற்காமல், குண்டு விழும் வயலில் நின்று எடுத்த போர்ப் படம். அப்படிப் பார்த்தால் அதன் பலம் புரியும். ஏஐ பற்றிய படமாகப் பார்த்தால் ஓட்டைகள்தான் கண்ணில் படும். ஆனால் ஏஐ-யும் போரும் உண்மையிலேயே சந்திக்கும் இடத்தைப் படம் ஒரே ஒரு வசனத்தில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. அதை நான் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன்.

முதலில் கதை. 2055-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அணுகுண்டு வெடிக்கிறது. பழி ஏஐ மேல் விழுகிறது. அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் ஏஐ-யை அடியோடு தடை செய்கிறார்கள். ‘நியூ ஏசியா’ என்று படம் அழைக்கும் நிலப்பகுதி அதற்கு மறுக்கிறது. அங்கே ரோபோக்களும், மனித முகம் கொண்ட ‘சிமுலன்ட்’களும் மக்களோடு மக்களாக வாழ்கிறார்கள். அவர்களை ஒழிக்க அமெரிக்கா ‘நோமாட்’ என்ற ராட்சத ஆயுத நிலையத்தை வானத்தில் நிறுத்துகிறது. நியூ ஏசியாவில் ரகசியமாக ஊடுருவியிருந்த ஜோஷுவா என்ற அமெரிக்க ராணுவ வீரன், 2065-ல் ஒரு தாக்குதலில் கர்ப்பிணி மனைவி மாயாவை இழக்கிறான். ஐந்து வருடம் கழித்து, அவள் உயிரோடு இருப்பதாகச் சொல்லி ராணுவம் அவனைத் திரும்ப அழைக்கிறது. ‘நிர்மாதா’ என்று அழைக்கப்படும் படைப்பாளி உருவாக்கிய புது ஆயுதத்தைத் தேடி அழிக்க வேண்டும் என்பது கட்டளை. தேடிப் போனால் அந்த ஆயுதம் ஒரு சின்னக் குழந்தை. ஆல்ஃபி. கைகளைக் கூப்பி நின்றாலே சுற்றியுள்ள கருவிகள் அணைந்துபோகும்.

ஏஐ ஆதரவு என்ற சந்தேகம் வந்ததற்குப் படம் வெளியான நேரம் ஒரு முக்கியக் காரணம். 2023 செப்டம்பர் கடைசியில் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது, ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. நடிகர்களின் வேலைநிறுத்தம் தொடர்ந்துகொண்டிருந்தது. இரண்டிலுமே ஏஐ ஒரு முக்கியக் கோரிக்கை. தங்கள் முகத்தையும் உடலையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு காலத்துக்கும் பயன்படுத்துவார்களோ என்று நடிகர்கள் பயந்த நேரம் அது. அப்போது வந்த படத்தில், ‘உங்கள் உருவத்தைத் தானமாகத் தாருங்கள்’ என்று விளம்பரம் செய்யும் ஓர் உலகம். கோபம் வந்தது நியாயம்தான். ஆனால் படப்பிடிப்பு நடந்தது 2022-ன் முதல் பாதியில். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது அந்த வருடம் நவம்பர் 30-ம் தேதி. அதாவது, இன்று ஏஐ என்றதும் நம் மனதில் வருகிற விஷயம் பரவலாவதற்கு முன்பே இந்தப் படத்தை எடுத்து முடித்துவிட்டார்கள். இயக்குநர் காரத் எட்வர்ட்ஸும் அவரோடு சேர்ந்து திரைக்கதை எழுதிய கிறிஸ் வைட்ஸும் யோசித்த ஏஐ, பழைய அறிவியல் புனைகதைகளில் வருகிற ஏஐ. அதற்கு உடம்பு உண்டு. அது நடக்கும், அழும், கும்பிடும்.

இனி படம் எடுத்த விதத்துக்கு வருகிறேன். படத்தின் அர்த்தமே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எட்வர்ட்ஸ் விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையிலிருந்து வந்தவர். 2010-ல் ‘மான்ஸ்டர்ஸ்’ என்ற முதல் படத்தைக் கையளவு ஆட்களோடு பயணம் செய்துகொண்டே எடுத்து, எஃபெக்ட்ஸ் வேலையையும் தானே செய்தவர். அதற்கப்புறம் இரண்டு பிரம்மாண்ட ஹாலிவுட் படங்களை இயக்கிவிட்டு, திரும்பவும் அந்தப் பழைய முறைக்கே ‘தி கிரியேட்டர்’ மூலம் வந்தார். பட்ஜெட் சுமார் 8 கோடி டாலர். திரையில் தெரிகிற அளவை வைத்துப் பார்த்தால், ஹாலிவுட்டில் இது போன்ற படங்களுக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு செலவழிப்பார்கள். கேமரா, சோனி எஃப்எக்ஸ்3. கல்யாண வீடியோ எடுப்பவர்கள்கூட வாங்கக்கூடிய சின்னக் கேமரா அது. கிரெய்க் ஃப்ரேசரும் ஓரன் சோஃபரும் ஒளிப்பதிவு. குறைந்த வெளிச்சத்திலும் அந்தக் கேமரா நன்றாகப் படம் பிடிக்கும் என்பதால் பெரிய விளக்குகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. சின்னக் குழுவாகத் தாய்லாந்து, கம்போடியா, நேபாளம், ஜப்பான் என்று உண்மையான இடங்களுக்கே போய் எடுத்தார்கள். நோமாட் நிலையத்தின் உட்புறம் போன்ற சில காட்சிகள்தான் அரங்கத்துக்குள் எடுத்தவை.

இதுவரை சொன்னது எல்லோரும் வியந்து பேசுகிற பகுதி. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது வேறு ஒன்று. படப்பிடிப்பில், யார் ரோபோ, யார் மனிதர் என்பதைப் பல துணை நடிகர்கள் விஷயத்தில் முன்கூட்டியே தீர்மானிக்கவில்லை. கணினி எஃபெக்ட்ஸுக்காக அவர்கள் முகத்தில் புள்ளி வைக்கவில்லை, சிறப்பு உடை மாட்டவில்லை. வயலில் வேலை செய்கிறவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர், கோயிலில் உட்கார்ந்திருப்பவர் என்று மனிதர்களை மனிதர்களாகவே நடிக்க வைத்தார்கள். படத்தொகுப்பு முடிந்த பிறகு, அந்தக் காட்சிகளைப் பார்த்து, ‘இவரை இயந்திரமாக்கலாம்’ என்று தேர்ந்தெடுத்தார்கள். அப்புறம்தான் ஐஎல்எம் உள்ளிட்ட விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனங்கள் காதுக்குப் பின்னால் அந்த உருளை ஓட்டையையும் உலோகக் கழுத்தையும் வரைந்தன. கட்டடங்களும் வாகனங்களும் அப்படித்தான்: எடுத்த காட்சிக்கு மேல் வடிவமைத்தவை.

இதன் விளைவு என்னவென்றால், படத்தில் வருகிற சாதாரண சிமுலன்ட்கள் யாரும் ‘இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும்’ என்று யோசித்து நடிக்கவில்லை. பயப்படுகிற மனிதர் பயப்படுகிறார், அவ்வளவுதான். அந்த ஓட்டையைப் பார்த்து நாம்தான் அவரை இயந்திரம் என்கிறோம். ஒரு கூட்டத்தில் யார் கொல்லத்தக்கவர் என்பது அவர்கள் செய்கையில் இல்லாமல், பிறகு யாரோ ஒருவர் போட்ட அடையாளத்தில் இருக்கிறது. போர்ப் படம் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான படப்பிடிப்பு முறையை என்னால் யோசிக்க முடியவில்லை.

அந்தப் போர் எது என்பதில் படம் ஒளிவு மறைவு வைக்கவில்லை. நெல் வயல்கள், ஆற்றோரக் கிராமங்கள், தாழப் பறந்து வரும் ராணுவ விமானங்கள், கிராமத்தாரை வரிசையில் நிறுத்தி மிரட்டும் சிப்பாய்கள், ஒரு நாய்க்குட்டியின் தலையில் துப்பாக்கி வைத்து உண்மையைக் கறக்கும் காட்சி. வியட்நாம் போரின் படங்கள் மனதில் பதிந்த எவருக்கும் இது தெரிந்த இடம். ஆனால் நான் வியட்நாமைவிட அதை ஒட்டியிருக்கும் லாவோஸைத்தான் அதிகம் நினைத்தேன். அமெரிக்காவின் நிலைப்பாடு படத்தில் இப்படி வருகிறது: எங்கள் சண்டை நியூ ஏசியாவின் மக்களோடு இல்லை, அங்கே ஒளிந்திருக்கும் ஏஐ-யோடுதான். லாவோஸ் மீதும் அமெரிக்கா போர் அறிவிக்கவே இல்லை. ஆனால் 1964-லிருந்து 1973 வரை அந்தச் சின்ன நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான வெடிகுண்டுகளைப் போட்டது. சுமார் 5,80,000 முறை விமானங்கள் குண்டு போடப் பறந்தன. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் உலகத்திலேயே அதிகம் குண்டு விழுந்த நாடு லாவோஸ். வெடிக்காமல் மண்ணில் புதைந்த கொத்துக் குண்டுகள் போர் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் வயலில் கொத்துகிறவர்களையும் விளையாடும் பிள்ளைகளையும் கொன்றிருக்கின்றன. குறி வைத்தது அந்த மக்களை இல்லை என்று சொல்லியே இவ்வளவும் நடந்தது.

இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது நோமாட்டின் அந்த நீல ஒளி என்னை உலுக்கியது. வானத்திலிருந்து இறங்கும் நீலக் கோடுகள் தரையைத் தடவிக்கொண்டே வரும். கீழே இருக்கிறவர்கள் தலைதூக்கிப் பார்ப்பார்கள். தாங்கள் அளக்கப்படுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். இயற்பியல்படி இது நடக்காத விஷயம். பூமிக்கு அருகே சுற்றுப்பாதையில் இருக்கும் எதுவும் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தையே ஒரு சுற்று வந்துவிடும். ஒரு கிராமத்தின் மேல் மேகம் போல நின்று விளக்கடிக்க முடியாது. ஆனால் இந்தத் தவறை நான் மன்னிக்கத் தயார். நிஜத்தில் மேலிருந்து குறி வைக்கும் கருவி கீழே இருப்பவர் கண்ணில் படாது. அந்தப் பார்வையைக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாக மாற்ற சினிமாவுக்கு ஒரு வழி வேண்டும், எட்வர்ட்ஸ் நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்.

படத்தின் மிகச் சிறந்த காட்சி எது என்று கேட்டால், பாலத்தில் நடக்கும் சண்டையைச் சொல்வேன். அமெரிக்க டாங்கிகள் கிராமத்தை நெருங்குகின்றன. பீப்பாய்க்குக் கையும் காலும் முளைத்தது போல ஒரு ரோபோவை இறக்கிவிடுகிறார்கள். அது ஓடும் வெடிகுண்டு. அனுப்பும் ஆளிடம் மரியாதையாக விடைபெற்றுவிட்டு, தடதடவென்று ஓடிப்போய் வெடிக்கிறது. அடுத்ததை ஆல்ஃபி எதிர்கொள்கிறாள். அது அவள் முன்னால் மண்டியிட்டு நிற்கிறது. ஏஐ-யைத் தடை செய்த நாடு, பேசத் தெரிந்த, கட்டளை புரிந்த, விடைபெறத் தெரிந்த இயந்திரங்களைக் குண்டாக வைத்திருக்கிறது. தடை என்பது ஏஐ இருக்கக்கூடாது என்பதற்கு இல்லை, ஏஐ யாருக்கும் சொந்தமில்லாமல் சுதந்திரமாக இருக்கக்கூடாது என்பதற்குத்தான் என்று படம் அந்த ஒரு காட்சியில் சொல்லிவிடுகிறது. முன்னால் ஒரு காட்சியில் ஆல்ஃபியிடம், உனக்கு என்ன வேண்டும் கண்ணு என்று கேட்பார்கள். ரோபோக்களுக்கு விடுதலை வேண்டும் என்பாள். அது ஃபிரிட்ஜில் இல்லையே, ஐஸ்கிரீம் தரட்டுமா என்று பதில் வரும். சிரிக்க வைக்கிற அந்த வரிக்குப் பாலத்தில்தான் முழு எடை கிடைக்கிறது. ஆல்ஃபியாகக் குழந்தை மேடலின் யுனா வொய்ல்ஸ் நடித்திருப்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஜோஷுவாவாக வரும் ஜான் டேவிட் வாஷிங்டனைவிடப் படத்தைத் தாங்குவது அந்தக் குழந்தைதான்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

ஒன்று, நியூ ஏசியா. நேபாளத்து மலையும் தாய்லாந்துக் கடலும் ஜப்பானிய நகரமும் ஒரே நாடாகக் கலந்து கிடக்கின்றன. பல மொழி கேட்கிறது, ஆனால் அந்த மொழி பேசுகிறவர்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடுகூட இல்லை. ஏஐ-யோடு வாழ்வதை எல்லோரும் ஒரே மனதாக ஏற்றுக்கொண்ட கண்டம் ஒன்று எங்கே இருக்க முடியும்? வேலை போனவர் யாரும் அங்கே இல்லையா? இயந்திரத்தை வெறுக்கும் ஒரு கிராமத்துக் கிழவர்கூட இல்லையா? குண்டு விழும் பக்கத்தில் கேமராவை வைத்தது சரி. அங்கே இருப்பவர்களை அப்பாவிகளாக மட்டுமே வைத்தது பாதி வேலை. ஜெம்மா சான் நடித்த மாயாவுக்கு நினைவுகளில் வந்துபோவதைத் தவிர அதிக வேலையில்லை. அவள்தான் நிர்மாதா, இந்த உலகத்தின் முக்கிய ஆள் என்று தெரிந்த பிறகும் அப்படித்தான்.

இன்னொன்று, ஏஐ. சிமுலன்ட்கள் ஒரு குண்டு பட்டால் செத்துவிடுகிறார்கள். நகல் எடுத்து வைப்பதில்லை. ஒருவர் பார்த்தது இன்னொருவருக்கு உடனே தெரிவதில்லை. மனிதனைவிட வேகமாக யோசிப்பதற்கான அடையாளமும் இல்லை. மென்பொருள் ஒன்றுக்கு இயல்பாகவே இருக்கும் எல்லாத் தன்மைகளையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது மனிதர்கள்தான். அவர்கள் மேல் நமக்கு இரக்கம் வருவதில் ஆச்சரியமில்லை. இரக்கம் வராதபடி எதுவுமே அவர்களிடம் இல்லை. கடினமான கேள்வியைப் படம் கேட்காமலே விடுகிறது: நம்மைப் போல இல்லாத, நமக்குப் புரியாத ஓர் அறிவு இருந்தால் அதையும் இப்படி மதிப்போமா? கென் வாடனாபே நடித்த ஹாருன், போரில் நாங்கள் ஜெயித்தால் மேற்கு நாடுகளுக்கு ஒன்றும் ஆகாது, நிம்மதியாக வாழத்தான் ஆசைப்படுகிறோம் என்கிறார். அவர் சொல்வதை நம்பலாமா என்ற சந்தேகத்துக்குப் படம் ஒரு நிமிடம்கூட இடம் தருவதில்லை. அந்தச் சந்தேகம் இருந்திருந்தால், அவர்கள் பக்கம் நிற்க ஜோஷுவா எடுக்கும் முடிவுக்கு இன்னும் அர்த்தம் கூடியிருக்கும்.

ஆனால் அதே ஹாருன்தான் நான் முதலில் சொன்ன அந்த ஒற்றை வசனத்தையும் பேசுகிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் குண்டு வெடித்தது ஏஐ-யின் தாக்குதல் இல்லை. நிரல் எழுதியதில் மனிதர்கள் செய்த பிழை. தங்கள் தவறுக்கு எங்கள் மேல் பழி போட்டார்கள் என்கிறார். பதினைந்து வருடப் போருக்கு அடிப்படையே ஒரு பிழை. அதைச் சொல்லிவிட்டுப் படம் அடுத்த துரத்தலுக்கு ஓடிவிடுகிறது. எனக்கு அங்கேயே நிற்க வேண்டும் போலிருந்தது, ஏனென்றால் நிஜ உலகம் இதற்கு மிக அருகில் போய் வந்திருக்கிறது.

1983 செப்டம்பர் 26 அதிகாலையில், மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு நிலவறையில் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் என்ற சோவியத் அதிகாரி பணியில் இருந்தார். அமெரிக்கா ஏவுகணை விட்டிருக்கிறது என்று செயற்கைக்கோள் எச்சரிக்கை அமைப்பு அலறியது. முதலில் ஒன்று, அப்புறம் நான்கு. உண்மையில் தாக்குகிற ஆள் ஐந்தே ஐந்து ஏவுகணையோடு தொடங்கமாட்டான் என்று யோசித்து, இது தவறான எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். அவர் கணிப்புச் சரி. உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியை அந்த அமைப்பு ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு சம்பவத்தில் பெட்ரோவ் போல நடுவில் நின்று தடுக்க யாராலும் முடியவில்லை. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானை நோக்கி வந்துகொண்டிருந்த ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையை அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இடைமறிக்கவே இல்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். காரணம், கணினிக் கடிகாரத்தில் வினாடியில் பத்தில் ஒரு பங்கைக் குறித்த விதம். ஒவ்வொரு முறையும் மிகச் சின்னப் பிழை. அமைப்பைத் தொடர்ந்து சுமார் 100 மணி நேரம் ஓட விட்டதில் அது மூன்றில் ஒரு வினாடியாகச் சேர்ந்துவிட்டது. ஸ்கட் வரும் வேகத்துக்கு அந்த இடைவெளியில் அது அரை கிலோமீட்டருக்கும் அதிகம் நகர்ந்துவிடும். பேட்ரியட் வானத்தில் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

இந்த இரண்டிலும் ‘தப்பு மனிதனுடையதா, இயந்திரத்தினுடையதா’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. எழுதியவர், சோதித்தவர், வாங்கியவர், நாள்கணக்கில் அணைக்காமல் ஓட விட்டவர் என்று பொறுப்பு பரவிக் கிடக்கும். ஹாருனின் வசனம் பழியை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் வைக்கிறது. அதைவிட, பழி யார் மேல் என்றே தெரியாத நிலையில் ஓர் அரசாங்கம் எப்படி வசதியான எதிரியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைக் காட்டியிருந்தால், இந்தப் படம் நம் காலத்தின் மிக முக்கியமான போர்ப் படமாகியிருக்கும்.

கேள்வியின் கடைசிப் பகுதி, இப்படிப் போர் வருமா என்பது. ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் இயந்திரங்கள் என்று அணி பிரிந்து நடக்கும் போருக்கு எந்த அறிகுறியும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் மனிதர்கள், இரண்டு பக்கமும் இயந்திரங்கள் என்ற நிலை ஏற்கனவே வந்துவிட்டது. குறியைக் கண்டுபிடிப்பதையும் துரத்துவதையும் மென்பொருளிடம் கொடுப்பது நடந்துகொண்டிருக்கிறது. சுடு என்ற கடைசி முடிவை யார் எடுப்பது என்பதில்தான் சண்டை. தானாகக் குறி வைத்துச் சுடும் ஆயுதங்களுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012-ல் ஓர் உத்தரவு போட்டு 2023 ஜனவரியில் புதுப்பித்தது. ஆயுதத்தைப் பயன்படுத்துவதில் தகுந்த அளவு மனிதத் தீர்மானம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ‘தகுந்த அளவு’ எவ்வளவு என்பதை அது வரையறுக்கவில்லை. ஒரு திரையில் வரும் பரிந்துரைகளுக்கு ஆள் ஒருவர் வரிசையாகச் சரி சரி என்று அழுத்திக்கொண்டிருந்தால் அதையும் மனிதத் தீர்மானம் என்று கணக்கில் சேர்த்துவிடலாம். பெட்ரோவுக்கு அன்று யோசிக்கச் சில நிமிடங்களாவது இருந்தன. வேகம்தான் இந்த ஆயுதங்களின் பலம் என்று விற்கிறவர்கள், குறைக்கப் பார்ப்பது அந்த நிமிடங்களைத்தான்.

இதற்கு உலக அளவில் விதி கொண்டுவர ஜெனீவாவில் 2014 முதல் நாடுகள் பேசிக்கொண்டிருக்கின்றன. அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நகரும் என்பதால் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை இந்த ஆயுதங்களைப் பற்றிய தன் முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்த நான்கு நாடுகளில் ரஷ்யாவும் உண்டு, இந்தியாவும் உண்டு. அந்தத் தீர்மானம் எதையும் தடை செய்யவில்லை. நாடுகளின் கருத்தைத் திரட்டி அறிக்கை தரும்படி பொதுச்செயலாளரைக் கேட்டது, அவ்வளவுதான். போர் வருமா என்ற கவலை உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால், அடுத்த ரோபோ எவ்வளவு அழகாக நடக்கிறது, பேசுகிறது என்பதைவிட இந்தப் பேச்சுவார்த்தையில் உங்கள் நாடு என்ன சொல்கிறது, எப்படி வாக்களிக்கிறது என்பதைக் கவனியுங்கள்.